டர்போவைக் கழற்றும் முன் கண்ணாடியில் ஒரு கேஜ்

கேள்வி:

"அண்ணா, வணக்கம். திருப்பூரிலிருந்து எழுதுகிறேன். என்னிடம் 2006 மாடல் ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ், 1.8 டர்போ பெட்ரோல் இருக்கிறது. மூன்று வருடத்துக்கு முன் செகண்ட் ஹேண்டில் வாங்கினேன், ஆறு மாதத்தில் ரீமேப் (இன்ஜின் கம்ப்யூட்டரின் புரோகிராமை மாற்றிச் சக்தியைக் கூட்டுவது) செய்தேன். போன வருடம் வரை அருமையாக ஓடியது. இப்போது மூன்றாவது, நான்காவது கியரில் முழுசாக மிதித்தால் 4,000 ஆர்பிஎம் பக்கம் யாரோ பின்னாலிருந்து பிடித்த மாதிரி அரை நொடி நிற்கிறது, அப்புறம் போகிறது, மறுபடி நிற்கிறது. ஐடிலிங் சுத்தம். டவுனுக்குள் ஒரு தொந்தரவும் இல்லை. காலையில் எடுத்தால் சரியாக ஓடுகிறது. மதியம் சேலம் ரோட்டில் ஒரு மணி நேரம் போன பிறகுதான் தொடங்குகிறது, டேங்க் கால்வாசிக்குக் கீழே இருந்தால் இன்னும் மோசம். பிளக், நாலு காயில், மாஃப் சென்சார் (உள்ளே போகும் காற்றை அளப்பது) மாற்றியாகிவிட்டது. த்ராட்டில் பாடி கழுவியாகிவிட்டது. 40,000 ரூபாய்க்கு மேல் போய்விட்டது. பெட்ரோல் பிரஷரும் பார்த்தார்கள், 2.5 பார் காட்டியது, நார்மல் என்றார்கள். இப்போது டர்போ போய்விட்டது என்கிறார் மெக்கானிக். மாற்றட்டுமா?"

பதில்:

தம்பி, டர்போவைத் தொட வேண்டாம். உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன், பதில் பாதி அதிலேயே இருக்கிறது. வண்டியைப் பார்த்தவர்கள் யாரும் உங்களை உட்கார வைத்து இதைக் கேட்கவில்லையே என்பதுதான் என் வருத்தம். ஐடிலில் சுத்தம், டவுனில் தொந்தரவு இல்லை, வெயிலில் வண்டி நன்றாகச் சூடான பிறகு வருகிறது, டேங்க் குறைந்தால் கூடுகிறது, அதுவும் முழு மிதியில் மட்டும். இவை எல்லாம் ஒன்றாக வந்தால் நான் முதலில் பார்ப்பது பெட்ரோல் வரும் வழியைத்தான். டேங்கில் எவ்வளவு பெட்ரோல் இருக்கிறது என்பது டர்போவுக்குத் தெரியாது. அரை டேங்கில் நன்றாக இழுத்துவிட்டுக் கால் டேங்கில் திணறும் டர்போவை நான் பார்த்ததே இல்லை.

டர்போ தேய்ந்தால் விசில் சத்தம் மாறும், சைலென்சரில் நீலப் புகை வரும், ஆயில் குறையும், பூஸ்ட் (டர்போ இன்ஜினுக்குள் தள்ளும் காற்றின் அழுத்தம்) மொத்தமாகவே ஏறாது. வண்டி எல்லா நேரமும் மந்தமாக இருக்கும், விட்டு விட்டு வராது. காயில் விஷயம் வேறு. இந்த 1.8 டர்போவில் காயில் அடிக்கடி போகும் என்பது ஊரறிந்த சமாச்சாரம், அதனால் உங்கள் மெக்கானிக் முதலில் அங்கே போனதில் தப்பே இல்லை. ஆனால் காயில் போனால் ஜர்க் வெட்டினாற்போல இருக்கும், 'டக்' என்று உதைக்கும், செக் இன்ஜின் விளக்கு கண் சிமிட்டும், ஸ்கேனரில் எந்த சிலிண்டர் என்று நம்பரோடு எழுதிக் காட்டும். பெட்ரோல் பற்றாமல் போகும்போது உதைக்காது. நாலு சிலிண்டரும் ஒன்றாகத் தளரும். நீங்களே எழுதியிருக்கிறீர்கள், யாரோ பின்னாலிருந்து பிடித்த மாதிரி என்று. இருபது வருடத்துக்கு மேலாக இந்த வேலை செய்கிறேன், ஓட்டுகிறவர் வாயில் இந்த வார்த்தை வந்தால் நான் ஸ்கேனரை எடுப்பதற்கு முன் பெட்ரோல் பிரஷர் கேஜைத்தான் எடுப்பேன்.

இப்போது அந்த 2.5 பாருக்கு வருகிறேன், எல்லாரும் ஏமாந்த இடம் அது. அளந்தது தப்பில்லை, அளந்த நேரம்தான் தப்பு.

உங்கள் வண்டியில் பெட்ரோல் போகும் பாதை எளிமையானது. பின் சீட்டுக்குக் கீழே டேங்குக்குள் பம்ப், வலது பின் சக்கரத்துக்கு முன்னால் அடிப்பக்கத்தில் ஃபில்டர், அங்கிருந்து முன்னால் ஃப்யூயல் ரெயில், அதில் நாலு இன்ஜெக்டர், ரெயிலின் முடிவில் ஒரு பிரஷர் ரெகுலேட்டர். மிஞ்சியது ரிட்டர்ன் லைன் வழியாக டேங்குக்கே திரும்பும். ரெகுலேட்டரிலிருந்து ஒரு சின்ன வேக்யூம் ஹோஸ் இன்டேக் மேனிஃபோல்டுக்கு (சிலிண்டர்களுக்குக் காற்று போகும் குழாய்) போகும். ஐடிலில் மேனிஃபோல்டில் வேக்யூம் இருப்பதால் பிரஷர் 2.5 பக்கம் இருக்கும், அந்த ஹோஸைப் பிடுங்கினால் 3 ஆகும். பூஸ்ட் ஏறும்போது அதே அளவு பெட்ரோல் பிரஷரும் கூட வேண்டும். 0.7 பார் பூஸ்ட் என்றால் கேஜ் 3.7 காட்ட வேண்டும். உங்கள் ரீமேப்பில் பூஸ்ட் 1 பார் வரை போகிறது என்றால் 4. இன்ஜெக்டரின் உள்பக்கத்துக்கும் வெளிப்பக்கத்துக்கும் உள்ள வித்தியாசம் எப்போதும் 3 பாராகவே இருக்கட்டும் என்றுதான் இந்த ஏற்பாடு. (ரெகுலேட்டரின் உடம்பில் எத்தனை பார் என்று பொறித்திருக்கும். உங்களுக்கு முன் வைத்திருந்தவர் 4 பார் மாட்டியிருக்கலாம், ஒரு தடவை பார்த்துவிடுங்கள், அப்படி இருந்தால் நான் சொல்லும் எண்கள் எல்லாவற்றோடும் 1 கூட்டிக்கொள்ளுங்கள்.)

ஐடிலில் இந்த இன்ஜின் மணிக்குச் சுமார் ஒரு லிட்டர் பெட்ரோல் குடிக்கும். முழு மிதியில் அதே கணக்குப் போட்டால் மணிக்கு 45 லிட்டருக்கு மேல் போகும், ரீமேப் செய்த வண்டி என்றால் 50ஐத் தாண்டும். ஒர்க்‌ஷாப்பில் நிறுத்தி ஐடிலில் பிரஷர் பார்ப்பது, சமையலறைக் குழாயை மட்டும் நூல் மாதிரி திறந்து வைத்துக்கொண்டு போர் மோட்டார் நன்றாக இருக்கிறது என்று சொல்வதற்குச் சமம். பாதி செத்த பம்பும் ஐடிலில் 2.5 காட்டும். நின்ற இடத்திலேயே ரேஸ் பண்ணிப் பார்ப்பதும் உதவாது, லோடு இல்லாமல் இன்ஜின் பெட்ரோல் கேட்காது.

அதனால் அளக்க வேண்டியது ரோட்டில், தொந்தரவு வரும் நேரத்தில், அது வரும் கியரில்.

இதை எப்படிச் செய்வது என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் அவசரத்தில் செய்து வண்டியை எரித்தவர்கள் இருக்கிறார்கள். முதலில் இன்ஜின் ஆறட்டும். பம்ப் ஃப்யூஸை எடுத்துவிட்டு ஸ்டார்ட் செய்து தானாக நிற்கும் வரை விடுங்கள், லைனில் பிரஷர் இறங்கிவிடும். பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு, ரெயிலுக்குள் போகும் சப்ளை லைனில் ஒரு டீ (மூன்று வாய் உள்ள இணைப்பு) போட்டு, இன்ஜெக்‌ஷன் வண்டிக்கான ஹோஸ், இன்ஜெக்‌ஷன் கிளாம்ப் இரண்டையும் பயன்படுத்தி 7 பார் வரை காட்டும் கேஜை மாட்டுங்கள். கார்புரேட்டர் காலத்து ஹோஸும் கம்பி சுற்றிய கட்டும் ஆகவே ஆகாது. கேஜின் ஹோஸ் பானெட்டின் பின் ஓரத்து இடுக்கு வழியாக வெளியே வரட்டும், பானெட் நசுக்காமல் ஒரு ரப்பர் துண்டு வையுங்கள், கேஜை வைப்பர் கைக்குக் கீழே கண்ணாடியில் டேப் போட்டு ஒட்டுங்கள். கேஜ் வெளியேதான் இருக்க வேண்டும். பெட்ரோல் நிரம்பிய ஹோஸைக் கேபினுக்குள் கொண்டு வரும் வேலையை யார் சொன்னாலும் செய்யாதீர்கள். பேட்டரியையும் ஃப்யூஸையும் மாட்டி, பத்து நிமிடம் ஐடிலில் ஓடவிட்டு, எல்லா இணைப்பையும் விரலால் தடவிப் பாருங்கள். ஈரம் இருந்தால் கிளம்பக் கூடாது. வண்டியில் தீயணைப்பான் இருக்கட்டும். ஒருவர் ஓட்ட வேண்டும், இன்னொருவர் கேஜை மட்டும் பார்க்க வேண்டும், போனில் வீடியோ எடுத்தால் இன்னும் நல்லது.

ரோட்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அவினாசியிலிருந்து பெருந்துறை வரை நெடுஞ்சாலை நேராகத்தான் கிடக்கிறது, ஆனால் லாரியும் டூ வீலரும் குறுக்கே வரும் ரோடு அது. கோவை செட்டிபாளையத்தில் இருக்கும் கரி ரேஸ் டிராக்கில் தனியார் வண்டிகளை விடும் நாள் கிடைத்தால் அங்கே செய்வதே மேல். டைனோ (வண்டியை நின்ற இடத்திலேயே உருளை மேல் லோடோடு ஓட்டிப் பார்க்கும் மெஷின்) கிடைத்தால் அதைவிட மேல். ரோட்டில்தான் செய்ய முடியும் என்றால் மூன்றாவது கியரில் மூன்று நொடி மிதி போதும், நூற்றுப்பத்தைத் தாண்டத் தேவையே இல்லை.

சரி, மிதிக்கிறீர்கள். முள் என்ன செய்கிறது?

பூஸ்ட் ஏறும்போது முள் அதற்கேற்ப 3.7, 4 என்று ஏறி, வண்டி திணறும் நொடியிலும் அங்கேயே அசையாமல் நின்றால் பெட்ரோல் வழி நிரபராதி. நான் இதுவரை எழுதியதை விட்டுவிட்டுக் காற்று வழியைப் பாருங்கள்: கிழிந்த டைவர்ட்டர் வால்வு, வெடித்த இன்டர்கூலர் ஹோஸ், பிளக் இடைவெளி. இதைச் சொல்லத் தயங்கவில்லை, எனக்கும் தப்பலாம், முள் சொல்வதே முடிவு.

முள் ஏறவே ஏறாமல் 3லேயே நின்றால் ரெகுலேட்டரின் வேக்யூம் ஹோஸ் விரிசல் விட்டிருக்கிறது, அல்லது கழன்று கிடக்கிறது. ரெகுலேட்டருக்குப் பூஸ்ட் ஏறுவதே தெரியவில்லை. அந்த ஹோஸைக் கழற்றி மூக்கருகே கொண்டு போங்கள், பெட்ரோல் வாசனை வந்தால் உள்ளே டயஃப்ரம் கிழிந்துவிட்டது, ரெகுலேட்டரை மாற்றியே ஆக வேண்டும். ரப்பருக்குப் பதினெட்டு இருபது வயது ஆகிவிட்டது என்பதை மறக்க வேண்டாம்.

நான் எதிர்பார்ப்பது இந்த இரண்டுமில்லை. 3.5 வரை ஏறும், 4,000 ஆர்பிஎம் தாண்டும்போது முள் மெதுவாகச் சாயத் தொடங்கும், 3, 2.7, 2.5 என்று கீழே வரும், அந்த நேரத்தில்தான் வண்டியைப் பின்னாலிருந்து பிடிக்கும், நீங்கள் காலை எடுத்ததும் முள் துள்ளி மேலே போகும். சில சமயம் சாய்வதோடு நடுங்கவும் செய்யும், அது பம்ப் பெட்ரோலோடு ஆவியையும் காற்றையும் சேர்த்து இழுப்பதன் அடையாளம்.

இப்படி நடந்தால் உடனே எல்லாரும் சொல்வது 'பம்பை மாற்று' என்று. அங்கேயும் நில்லுங்கள். நான் சுட்டுக்கொண்ட இடம் அது.

சில வருடங்களுக்கு முன் பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து ஒரு டர்போ செடான் என்னிடம் வந்தது, இதே தொந்தரவு. பிரஷர் சாய்வதைப் பார்த்தேன், பம்பை மாற்றினேன், இரண்டு மாதம் நன்றாக ஓடிவிட்டு மறுபடி அதே திணறல். பம்ப் டூப்ளிகேட் என்று நினைத்து இன்னொன்று போட்டேன். மூன்றாவது தடவை அவர் வந்தபோது அவர் முகத்தைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது. அன்றைக்குத்தான் பின் சீட்டைத் தூக்கி, டேங்க் மூடியின் மேலிருக்கும் கனெக்டரைக் கழற்றி நிதானமாகப் பார்த்தேன். நாலு பின்னில் ஒன்று மட்டும் பழுப்பாக இருந்தது, அதைச் சுற்றிய வெள்ளை பிளாஸ்டிக் கருகிய வெல்லப்பாகு மாதிரி இளகி உறைந்திருந்தது. மல்டிமீட்டர் வைத்தேன். பேட்டரியில் 13.9 வோல்ட், பம்ப் ஓடும்போது பம்பின் வாயில் 11.2. அந்தப் பின் சூடாக ஆக இன்னும் குறைந்தது. பம்புக்குச் சோறு போடாமல் வேலை வாங்கியிருக்கிறேன். இரண்டாவது பம்பின் காசைத் திருப்பிக் கொடுத்தேன். கனெக்டரையும் வயரையும் மாற்றினேன். அதற்குப் பிறகு அந்த வண்டி அந்தக் குறையோடு வரவில்லை.

அதனால் உங்கள் வண்டியில் முதலில் வோல்டேஜ். பின் சீட்டைத் தூக்கினால் வட்டமான மூடி இருக்கும், அதற்குக் கீழேதான் கனெக்டர். கனெக்டரைக் கழற்றாமல், பின்பக்கமாக மெல்லிய ஊசி முனையை நுழைத்து, இன்ஜின் ஓடும்போது அளக்க வேண்டும். பேட்டரிக்கும் பம்புக்கும் அரை வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் வழியில் எங்கோ மின்சாரம் தங்குகிறது. எர்த் பக்கத்தையும் தனியாகப் பாருங்கள், 0.2 வோல்ட்டைத் தாண்டக் கூடாது. பாஸிட்டிவ் பக்கம் குறைந்தால் முதல் சந்தேகம் டேஷ்போர்டுக்குக் கீழே இருக்கும் பம்ப் ரிலே, 409 என்று எண் போட்டிருக்கும். அதன் உள்ளே சால்டரிங் விரிசல் விடுவதும் காண்டாக்ட் கருகுவதும் இந்த வயது வண்டிகளில் சாதாரணம். குளிர்ந்திருக்கும்போது ஒட்டிக்கொண்டிருந்து சூடானதும் விலகும், காலையில் நன்றாக ஓடி மதியம் படுத்துவதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம். ரிலேயை வாங்கி மாற்றுவது டர்போ செலவோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை.

கிளாம்ப் மீட்டர் இருந்தால் பம்ப் எத்தனை ஆம்பியர் இழுக்கிறது என்றும் பாருங்கள். பிரஷர் குறைவு, ஆம்பியர் வழக்கத்தைவிட அதிகம் என்றால் பம்ப் எதையோ எதிர்த்துத் தள்ளுகிறது, ஃபில்டர் அடைத்திருக்கும். பிரஷரும் குறைவு ஆம்பியரும் குறைவு என்றால் பம்பின் உள்ளே தேய்மானம், அல்லது அது காற்றை இழுக்கிறது.

ஃபில்டர் எப்போது மாற்றினீர்கள் என்று நீங்கள் எழுதவே இல்லை. வாங்கியதிலிருந்து மாற்றவில்லை என்றால் கேஜ் டெஸ்ட் முடிந்த கையோடு, முடிவு என்னவாக இருந்தாலும், அதை மாற்றுங்கள். பழையதைத் தூக்கிப் போட வேண்டாம். பம்ப் பக்கத்திலிருந்து பெட்ரோல் நுழையும் வாயை ஒரு வெள்ளைப் பீங்கான் தட்டின் மேல் கவிழ்த்து உள்ளே இருப்பதை வெளியேற்றுங்கள். தேன் நிறத்தில் வந்தால் பரவாயில்லை. காப்பி டிகாக்‌ஷன் மாதிரி கறுப்பாக வந்தால், அடியில் மினுமினுவென்று துகள் நின்றால், அது பம்ப் தன்னைத் தானே அரைத்துக்கொடுத்த தூள். துருப்பிடித்த மாதிரி செம்மண் நிறமும், தனியாக உருண்டு நிற்கும் சொட்டுகளும் தெரிந்தால் டேங்கில் தண்ணீர். பெட்ரோலைத் தட்டோடு திறந்த வெளியில் வைத்து ஆறவிடுங்கள், பக்கத்தில் யாரும் சிகரெட் பற்ற வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

போன வருடம் வரை நன்றாக இருந்த வண்டி ஏன் இப்போது என்று கேட்பீர்கள். மூன்று பாரம் ஒன்றன் மேல் ஒன்றாக ஏறியிருக்கிறது என்று நினைக்கிறேன். இந்த வண்டி இந்தியாவுக்கு 150 குதிரைச் சக்தியோடு வந்தது, பம்பும் அதற்கேற்பக் கொஞ்சம் கையிருப்போடுதான் இருந்தது. ரீமேப் அந்தக் கையிருப்பில் பெரும்பகுதியை எடுத்துக்கொண்டது. அடுத்தது இ20, அதாவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். 2023 பிப்ரவரியில் சில பங்க்குகளில் தொடங்கியது, 2025க்குள் ஏறக்குறைய எல்லாப் பங்க்கிலும் அதுவே வந்துவிட்டது. எத்தனால் கலக்காத பெட்ரோல் ஒரு கிலோ எரிய 14.7 கிலோ காற்று வேண்டும், இ20க்கு 13.5 பக்கம் போதும். இன்னொரு பக்கமாகச் சொன்னால், அதே காற்றுக்கு எடைக் கணக்கில் 8, 9 சதவீதம் கூடுதல் பெட்ரோல் தள்ள வேண்டும். அந்தக் கூடுதலையும் இதே பழைய பம்ப்தான் தள்ளுகிறது. எத்தனாலுக்கு இன்னொரு குணமும் உண்டு: டேங்கின் சுவரில் வருடக்கணக்காகப் படிந்த பிசினைக் கரைத்துக் கிளப்பிவிடும், அது நேராக ஃபில்டரில் போய் உட்காரும். ஈரத்தையும் இழுக்கும், வண்டியை மாதக்கணக்கில் நிறுத்தி வைப்பவர்களுக்கு அது தனிப் பிரச்சினை. மூன்றாவது பாரம் பம்பின் வயது. இவற்றில் ஏதாவது ஒன்று மட்டும் என்றால் வண்டி சமாளித்திருக்கும்.

டேங்க் குறைந்தால் ஏன் மோசம் என்பதற்கும் காரணம் இருக்கிறது. டேங்குக்குள் பம்ப் ஒரு சின்னக் குடுவைக்குள் உட்கார்ந்திருக்கிறது, வளைவிலும் ஏற்றத்திலும் பெட்ரோல் ஒரு பக்கம் ஒதுங்கினாலும் பம்பின் வாய் மூழ்கியே இருக்கட்டும் என்று. பம்ப் மூழ்கியிருப்பது குளிர்ச்சிக்கும்தான். பெட்ரோல் பம்பின் ஊடாகப் போகும்போது அதன் சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. உங்களுடையது ரிட்டர்ன் லைன் வண்டி, இன்ஜின் பக்கம் போய்ச் சூடேறிய பெட்ரோல் திரும்பத் திரும்ப டேங்குக்கே வருகிறது. 50 லிட்டர் இருந்தால் அந்தச் சூடு பரவிவிடும். 10 லிட்டர்தான் இருக்கிறது, வெளியே ஏப்ரல் வெயில், ரோடு கொதிக்கிறது, ஒரு மணி நேரம் ஓட்டியாகிவிட்டது என்றால் டேங்கில் இருப்பது மொத்தமும் சூடான பெட்ரோல். பம்ப் உறிஞ்சும் இடத்தில் அழுத்தம் குறைவதால் சூடான பெட்ரோல் அங்கேயே குமிழி விடும். கிணற்றில் தண்ணீர் கீழே போனால் மோட்டார் புஸ் புஸ் என்று காற்றை இழுக்குமே, அந்தக் கதைதான். புது பம்ப் இதையும் ஓரளவு தாங்கும், தேய்ந்த பம்ப் தாங்காது. பம்பின் அடியில் இருக்கும் வலை அடைத்திருந்தால் இன்னும் சீக்கிரம் வரும்.

காசு செலவில்லாத ஒரு சோதனை: அடுத்த தடவை மதியம் திணறத் தொடங்கியதும் வழியில் ஒரு பங்க்கில் டேங்கை முழுசாக நிரப்பிவிட்டு, உடனே அதே ரோட்டில் அதே மாதிரி ஒரே ஒரு தடவை மிதித்துப் பாருங்கள். திணறல் காணாமல் போனால் நான் சொன்ன பக்கம் இன்னும் உறுதியாகிறது. அதற்காக இனிமேல் எப்போதும் டேங்கை நிரப்பியே ஓட்டுகிறேன் என்று விட்டுவிடாதீர்கள், வியாதி உள்ளேயேதான் இருக்கும்.

ஸ்கேனரில் பார்க்க வேண்டியது கோட் இருக்கிறதா என்று மட்டும் இல்லை. ஃப்யூயல் ட்ரிம் பாருங்கள், பெட்ரோலை இன்ஜின் கம்ப்யூட்டர் எத்தனை சதவீதம் கூட்டுகிறது, குறைக்கிறது என்று சொல்லும் எண் அது. ஐடிலில் பூஜ்யம், கூடினால் ஒன்றிரண்டு, லோடில் 10, 15 என்று பிளஸ் பக்கம் போனால் இன்ஜின் பெட்ரோலுக்குத் தவிக்கிறது. ஐடிலில் அதிகமாகி வேகத்தில் சரியானால் அது வேக்யூம் கசிவு, வேறு வைத்தியம். மாஃப் சென்சார் தப்பாகக் குறைத்துச் சொன்னாலும் லோடில் ட்ரிம் கூடும், அதனால் ட்ரிம்மை மட்டும் நம்பி முடிவு செய்ய முடியாது. மாஃப் நொடிக்கு எத்தனை கிராம் காற்று காட்டுகிறது என்று மூன்றாவது கியரில் 6,000 வரை போய்ப் பாருங்கள். ஒரு குதிரைச் சக்திக்கு 0.8 கிராம் என்று ஒரு கைக்கணக்கு உண்டு, 150க்கு 120 கிராம். ரீமேப் செய்த உங்கள் வண்டியில் 140க்கு மேல் வர வேண்டும். 95, 100லேயே நின்றால் புதிதாகப் போட்ட சென்சாரையே சந்தேகப்பட வேண்டும், சந்தையில் பெட்டி மட்டும் அசலாக இருக்கும் சென்சார்கள் நிறைய.

இன்னும் ஒன்று, இதைத்தான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். இந்தக் கோளாறு தீரும் வரை, டெஸ்ட்டுக்கு மிதிக்கும் அந்த ஒன்றிரண்டு நொடிகளைத் தவிர, முழு மிதி வேண்டாம். திணறுகிறதே தவிர ஓடுகிறதே என்று நண்பர்களுக்குக் காட்ட மிதிக்காதீர்கள். இன்ஜெக்டர் தெளிக்கும் அளவு பிரஷரின் வர்க்கமூலத்தோடு போகும். வித்தியாசம் 3 பாராக இருக்க வேண்டிய இடத்தில் 2 ஆனால் பெட்ரோல் சுமார் 18 சதவீதம் குறையும். பூஸ்ட் முழுசாக இருக்கிறது, பெட்ரோல் ஐந்தில் ஒரு பங்கு குறைவு, அந்த நேரத்தில் சிலிண்டருக்குள் சூடு எங்கே போகும் என்று யோசித்துப் பாருங்கள். நாக் சென்சார் டைமிங்கைப் பின்னுக்கு இழுத்துக் கொஞ்சம் காப்பாற்றும், நீங்கள் உணரும் திணறலில் அதுவும் கலந்திருக்கிறது. ஆனால் அதற்கும் ஒரு எல்லை இருக்கிறது. பிஸ்டன் ஓரம் மெழுகு மாதிரி உருகிப்போன இன்ஜின்களைப் பிரித்திருக்கிறேன், உரிமையாளர்கள் சொன்னதெல்லாம் ஒன்றுதான்: ஒரு மாதமாகக் கொஞ்சம் திக்கிக்கொண்டுதான் இருந்தது என்று. இந்த ஆர்எஸ் இப்போது ரோட்டில் அரிதாகிவிட்டது. நல்ல கையில் இருக்கும் ஒன்றை இப்படி இழக்கக் கூடாது.

பின்னால் வந்த டிஎஸ்ஐ வண்டிகள் (பெட்ரோலை நேராகச் சிலிண்டருக்குள் தெளிக்கும் டர்போ), போலோ ஜிடி டிஎஸ்ஐ, ஆக்டேவியா ஆர்எஸ் 230, 245 வைத்திருப்பவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் அவர்களுக்கு ஒரு வரி. உங்கள் வண்டியில் பம்ப் இரண்டு, டேங்கில் ஒன்று, இன்ஜின் மேல் கேம்ஷாஃப்ட் ஓட்டும் ஹை பிரஷர் பம்ப் ஒன்று. ரெயிலில் நூறு பாருக்கு மேல் போகும், அந்தப் பக்கம் கேஜ் மாட்டும் பேச்சே கூடாது. ரெயிலில் கேட்ட பிரஷர் எவ்வளவு, வந்த பிரஷர் எவ்வளவு என்று ஸ்கேனரிலேயே இரண்டு வரியாகத் தெரியும், ஓட்டியபடியே பதிவு செய்து பார்த்தால் போதும்.

தம்பி, உங்களுக்கு வருகிறேன். சோதனையில் பம்ப்தான் என்று உறுதியானால் இந்த வண்டிக்கு உரிய பம்பையே நல்ல இடத்தில் பில்லோடு வாங்குங்கள். மணிக்கு 255 லிட்டர் தள்ளும் பம்ப் போட்டால் பிரச்சினையே வராது என்று யாராவது சொல்வார்கள். உங்கள் அளவு ரீமேப்புக்கு அது தேவையில்லை. அவ்வளவு பெட்ரோலும் திரும்பி வர ரிட்டர்ன் லைன் பற்றாமல் ஐடிலில் பிரஷர் கூடிப்போகும், பழைய வயருக்கு ஆம்பியரும் தாங்காது. டேங்க் மூடியைத் திறக்கும் நாளில் பெட்ரோல் கால்வாசிக்குக் கீழே இருக்கட்டும், ஷெட்டின் கதவுகள் எல்லாம் திறந்திருக்கட்டும், மூடியின் ரப்பர் சீல் புதிதாகப் போடச் சொல்லுங்கள். பழைய சீல் உப்பிப் போயிருக்கும், திரும்ப உட்காராது, கேபினுக்குள் பெட்ரோல் வாசனை வரத் தொடங்கிவிடும். குடுவையின் அடியில் இருக்கும் வலையை நீங்களே கையில் வாங்கிப் பாருங்கள்.

உங்கள் மெக்கானிக்கோடு சண்டை எதுவும் வேண்டாம். டர்போவுக்கு முன் ஒரே ஒரு தடவை ரோட்டில் பிரஷர் பார்த்துவிடலாம் அண்ணா என்று சொல்லுங்கள், நல்ல மெக்கானிக் என்றால் மறுக்க மாட்டார். கேஜ் இல்லை என்றால் கோவையில் இன்ஜெக்‌ஷன் வேலை செய்யும் பட்டறைகளில் கிடைக்கும், வாங்கினாலும் நீங்கள் மாற்றிய ஒரு காயிலின் விலை ஆகாது.

பார்த்துவிட்டு எனக்கு நாலு எண் எழுதி அனுப்புங்கள்: வேக்யூம் ஹோஸைப் பிடுங்கிய நிலையில் ஐடிலில் பிரஷர், திணறும் நொடியில் பிரஷர், அப்போது பூஸ்ட் எவ்வளவு, பம்பின் வாயில் வோல்டேஜ். பழைய ஃபில்டரிலிருந்து வெள்ளைத் தட்டில் கொட்டியதை ஒரு போட்டோவும் எடுத்து வையுங்கள். ரிலேயா, வயரா, ஃபில்டரா, பம்பா என்று அதைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.